திறப்பும் பொறுப்பும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், வெள்ளவத்தையில் நிகழ்த்திய பேச்சு)



சமயப் பெரியார் பலர் நின்று பேசிய இந்த மேடையில் இன்று ஒரு பலசரக்குக் கடைக்காரரை ஏற்றி வைத்திருக்கிறீர்கள். உங்கள் செயலாளர் கடைக்கு வந்து, "நமது பிள்ளைகளிற் பலர் சொந்தத் தொழில் தொடங்குகிறார்கள், அச்சகம், தையற்கடை, கணினி திருத்தும் கடை, வீட்டுச் சமையல் விநியோகம் என்று என்னென்னவோ செய்கிறார்கள், ஆறு மாதத்தில் எல்லாரும் மெலிந்து போகிறார்கள். நீங்கள் வந்து ஏதாவது சொல்ல வேண்டும்" என்றார். மெலிவுக்குக் காரணம் யாதென்று கேட்டோம். "எல்லா வேலையையும் தாங்களே செய்கிறார்கள்" என்றார். அது நாம் இருபத்தைந்து ஆண்டு வருந்திய நோய். ஆகவே ஒப்புக்கொண்டோம்.

1954ஆம் ஆண்டிலே இந்நாட்டிற் கடை, கந்தோர் ஊழியருக்கென ஒரு சட்டம் வந்தது. அதன்படி வேலையாளுக்கு வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு கொடுக்க வேண்டும். முதலாளிக்கு ஓய்வு கொடுக்க ஒருவரும் சட்டம் செய்யவில்லை. அதை அவரே தமக்குச் செய்துகொள்ள வேண்டும். அதற்கு முதலில் தம் வேலையில் ஒரு பகுதியை இன்னொருவர் கையிற் கொடுக்க வேண்டும். சொல்வதற்கு இது எளிது.

நம்மவர் இதனை அறியாதவரல்லர். காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கிச் சற்று நடந்தால் செட்டியார் தெரு வரும். அதற்கப்பால் கொட்டாஞ்சேனை. ஆங்கிலத்தில் அத்தெருவுக்குக் கடற்றெரு என்று பெயர். இன்று அங்கே நகைக் கடைகளே நிறைந்திருக்கின்றன. தாலிக்கொடிக்குப் பொன் வாங்க நாம் எல்லாரும் போகிறோம். கதிரேசன் கோயிலிலே கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். அந்தத் தெருவுக்கு அப்பெயர் வரக் காரணமானவர்கள் கடைகளை எப்படி நடத்தினார்கள் என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நாட்டுக்கோட்டை நகரத்தார் இலங்கைக்கு வந்து கொடுக்கல் வாங்கல் செய்யத் தொடங்கிவிட்டார்கள். கோப்பித் தோட்டக்காரரும், பின்னர் தேயிலைத் தோட்டக்காரரும், அரிசியும் புடவையும் தருவித்து விற்றோரும் அவர்களிடம் கடன் பெற்றனர். முதலாளி இருப்பது காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ. கடை இருப்பது கொழும்பில், ரங்கூனில், பினாங்கில், சைகோனில். ஒரே முதலாளிக்குப் பல தேசங்களிற் கடை இருந்ததுமுண்டு. தொலைபேசி இல்லாத காலம். கடிதம் போய்ச் சேரவே நாட் செல்லும். நாமோ வெள்ளவத்தையிற் கடையை வைத்துக்கொண்டு பம்பலப்பிட்டிக்குப் போய்வர அஞ்சினோம். அவர்கள் கடலுக்கு அப்பாலிருந்து கடை நடத்தினார்கள்.

அதற்கு அவர்கள் வைத்திருந்த முறை கேட்கத் தகுந்தது. ஒவ்வொரு கடைக்கும் ஓர் ஏஜெண்டு உண்டு. அவரை மூன்றாண்டுக் கணக்கில் அனுப்புவார்கள். புறப்படுமுன் சம்பளச் சீட்டு எழுதப்படும். எத்தனை ஆண்டு, என்ன சம்பளம் என்பன அதில் இருக்கும். சம்பளத்தில் ஒரு பங்கை முன்னதாகவே கொடுத்துவிடுவார்கள். ஊரில் இருக்கும் குடும்பம் அதைக்கொண்டு சீவிக்கும். இவற்றோடு அற்றோணித் தத்துவமும் எழுதிக் கொடுப்பார்கள். கடன் கொடுக்கவும், வாங்கவும், வழக்குத் தொடரவும், முதலாளியின் பெயரெழுத்துக்களாலாகிய விலாசத்தின் கீழ்க் கையெழுத்திடவும் ஏஜெண்டுக்கு அதிகாரம் வந்துவிடும். முதலாளியின் பெயரே போகிறது, அன்பர்களே! ஒரு காசோலையில் இன்னொருவர் கையெழுத்திட விடாத நமக்கு இது வியப்பாகவே இருக்கும்.

ஆனால் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை. கணக்கின் பிரதி ஒழுங்காக ஊருக்குப் போகவேண்டும். ஐந்தொகை எடுத்து அனுப்பவேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தார், யாரிடம் நிற்கிறது என்பதை முதலாளி ஊரிலிருந்தே படித்து அறிவார். ஒவ்வொரு கடனுக்கும் அவரிடம் உத்தரவு கேட்டுக்கொண்டிருந்தால் வியாபாரம் நடவாது. ஆகவே தீர்மானம் ஏஜெண்டுடையது, பார்வை முதலாளியுடையது. தவணை முடிந்ததும் இலாபத்தில் ஏஜெண்டுக்கு ஒரு பங்கு உண்டு. புதிய ஏஜெண்டு வந்து கணக்குகளைப் பொறுப்பேற்ற பின்னரே பழையவர் ஊர் திரும்புவார்.

இதனினும் நாம் மிகவும் மதிப்பது அவர்கள் ஆளை உண்டாக்கிய விதத்தை. பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பையன் பெட்டியடியில் வந்து அமர்வான். பெட்டியடிப் பையன் என்றே அவனுக்குப் பெயர். காசு எண்ணுவதும் கணக்கெழுதுவதும் அங்கேதான் பழகுவான். பின்னர் அடுத்தாளாவான். அதன் பின்னரே ஏஜெண்டு. செல்வந்தர் வீட்டுப் பிள்ளையும் பிறர் கடையில் இருந்து வேலை பழகியதுண்டு. தன் தகப்பன் கடையிற் பழகினால் யார் அவனைத் திருத்துவார்?

அம்முறையில் குறையே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. மனைவி மக்களை மூன்றாண்டு பிரிந்திருப்பது யாருக்கும் இன்பமானதன்று. 1925இல் கொழும்பிற் சில கடைகள் முறிந்தன; வங்கிகள் நகரத்தாருக்குக் கொடுத்துவந்த கடனை இறுக்கிக்கொண்டன. 1934இல் வங்கித்தொழிலை ஆராய ஒரு கொமிஷன் இருந்தது. 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. 1948, 1949ஆம் ஆண்டுகளின் பிரசாவுரிமைச் சட்டங்களுக்குப் பின்னர் நகரத்தாரிற் பலர் ஊர் திரும்பினர். எனினும் அம்முறை நூறாண்டுக்கு மேல் நின்றது. நமது கடைகளில் எத்தனை நூறாண்டு நின்றன?

இனி எமது கதை.

1983 ஆடியிலே எமது மாமனாரின் கடை எரிந்தது. காலி வீதியிலேதான். சாமான் போனது ஒருபுறம். கடன் கொப்பியும் போயிற்று. யார் எவ்வளவு தரவேண்டும் என்பது அவர் ஒருவருக்கே தெரியும். அந்தக் கொப்பியை வேறொருவரும் தொட அவர் விட்டதில்லை. அகதி முகாமிலிருந்து கப்பலிற் காங்கேசன்துறைக்குப் போனார். அங்கே திண்ணையில் இருந்துகொண்டு பெயர் பெயராக நினைவுபடுத்தி எழுதப் பார்த்தார். முப்பது பெயருக்கு மேல் வரவில்லை. அவர் சாகும்வரை, "இன்னும் கன பேர் இருக்கினம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இதைக் கண்டு நாம் கற்றிருக்க வேண்டியது ஒன்று, கற்றது வேறொன்று. விஷயம் இரண்டு தலையில் இருக்கவேண்டும் என்று கற்றிருக்கலாம். நாமோ, உலகில் எதுவும் நிச்சயமில்லை, எல்லாவற்றையும் எம் கைக்குள்ளேயே வைத்திருக்கவேண்டும் என்று கற்றோம். 1989இல் வெள்ளவத்தையிலே எமது கடையைத் தொடங்கினோம். திறப்புக் கோர்வை அரைஞாணில். காசு லாச்சிக்கு முன்னால் எமது கதிரை. சாப்பாடு வீட்டிலிருந்து கடைக்கு வரும். மூத்த மகளின் பரிசளிப்பு விழாவுக்கு நாம் போகவில்லை; அன்று சீனி லொறி வரும் நாள்.

2001இல் பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வேலைக்கு வந்தார். வயது பதினேழு. ஐந்தாறு ஆண்டில் எந்த இறாக்கையில் என்ன இருக்கிறது என்பது எம்மிலும் அவருக்கு நன்றாகத் தெரியும். சிங்களம் எம்மிலும் நன்றாகப் பேசுவார். ஆனாலும் காலையில் நாம் வரும்வரை கடைப் படியில் அவர் காத்திருப்பார். இரவில் நாம் பூட்டுவதைப் பார்த்துவிட்டுப் போவார். பதின்மூன்று ஆண்டு இப்படியே கழிந்தது.

2014இல் ஒரு நாட்காலை நெஞ்சுவலி கண்டு எம்மை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தம்பி பின்னாலேயே வந்தார். கட்டிலருகே நின்று, "ஐயா, சாவிய குடுங்க. நான் தொறந்து வச்சிருக்கேன்" என்றார். திறப்புக் கோர்வை தலையணைக்குக் கீழே இருந்தது. "பொறுங்கோ தம்பி, நாளைக்கு நான் வந்திடுவன்" என்றோம். மறுநாளும் வந்தார், அதே பதில். மூன்றாம் நாள் அவர் கேட்கவில்லை.

பத்தொன்பது நாள் கடை பூட்டிக் கிடந்தது. வீடு வந்து, மருமகனைத் துணைக்குக் கொண்டு திறந்தபோது உருளைக்கிழங்கு முளைத்திருந்தது. வெங்காய மூட்டையின் மணம் தெருவுக்கு வந்தது. வாடிக்கைக்காரர் என்ன செய்வார்கள்? சோறு சமைக்காமல் இருப்பார்களா? பக்கத்துக் கடைக்குப் போனார்கள். போனவர்களில் அரைவாசிப்பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். இந்த நட்டத்தை ஒருவாறு கணக்குப் பார்த்துவிடலாம்.

மூன்று மாதங் கழித்துத் தம்பி கணக்கு முடிக்கச் சொன்னார். சம்பளம் போதவில்லையா என்று கேட்டோம். "அதில்லீங்க ஐயா. பதின்மூணு வருஷத்துல ஒரு ரூபா கொறஞ்சிருக்கா?" என்றார். இல்லை என்றோம். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாமும் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஊழியர் சேமலாப நிதிப் படிவத்திற் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். ஒழுங்காகக் கட்டியிருந்தோம் என்பது அன்று எமக்கிருந்த ஒரே ஆறுதல்.

அன்பர்களே, வேலையாளை நம்பினாற் களவு போகும் என்று சொல்வார்கள். போகலாம். ஆனால் நமது கடைகளிற் களவினாற் போனதையும், முதலாளி இல்லாத நாளிற் கடை பூட்டியதனாற் போனதையும், நல்ல வேலையாள் மனம் வெறுத்து விலகியதனாற் போனதையும் மூன்று பத்தியாக எழுதிப் பார்த்தால் எது பெரிது? நாம் எழுதிப் பார்த்தோம். இரவு நித்திரை வரவில்லை.

படுக்கையிற் கிடந்த அந்த நாட்களிலேதான் திருக்குறளை ஒழுங்காகப் படித்தோம். பொருட்பாலில் ஐம்பத்தோராம் அதிகாரம் தெரிந்து தெளிதல். ஐம்பத்திரண்டு தெரிந்து வினையாடல். ஆளை ஆராய்ந்து அறிதல், பின் வேலையைப் பகிர்ந்து கொடுத்தல். அரசனுக்குச் சொன்னதாயினும் கடைக்காரனுக்கும் பொருந்தும். ஆனால் அதிகார வரிசையை யாரும் எமக்கு எடுத்துக் காட்டியதில்லை. ஆளைத் தெரிந்து வேலை கொடுத்து முடித்த பின்னரே ஐம்பத்து மூன்றாவதாகச் சுற்றந்தழால் வருகிறது. நாம் யாழ்ப்பாணத்தார் இதனைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் மச்சான், மருமகன், பெரியம்மாவின் பேரன். பிறகுதான் அவருக்கு என்ன தெரியும் என்ற விசாரணை! ஐம்பத்து நான்காம் அதிகாரம் பொச்சாவாமை. கொடுத்துவிட்டு மறந்து தூங்காதிருத்தல் என்று நாம் அதனைக் கொள்கிறோம்.

இராமாயணத்திலும் ஒரு பாடம் உண்டு. சீதையைத் தேட நாற்றிசைக்கும் வானரரை அனுப்பிய சுக்கிரீவன், திசையைச் சொன்னான். ஒரு மாதம் என்று தவணையும் சொன்னான். எந்த மரத்தில் ஏறு, எந்தக் குகையில் நுழை என்று சொல்லவில்லை. இராமன் அனுமன் கையிற் கணையாழியைக் கொடுத்தான். கணையாழியின்றிப் போயிருந்தால் அசோகவனத்தில் அனுமனை யார் நம்பியிருப்பார்? வேலையைக் கொடுத்து அடையாளத்தைக் கொடாமல் அனுப்பும் முதலாளிகள் இன்றும் இருக்கிறார்கள். மொத்தக் கடையில் விலை பேசப் பையனை அனுப்பிவிட்டு, அவன் பேசி முடித்ததும் தொலைபேசியில் இவர் மறுபடி பேசுவார். மற்றது, அனுமன் ஊரை எரித்தது கொடுத்த வேலையில் அடங்காது. அதற்காக இராமன் அவனைக் கோபித்ததாக இல்லை. எரிந்தது நம் ஊராகையால் நமக்குச் சற்று மனத்தாங்கல் இருக்கலாம்.

மேல்நாட்டாரும் இதனை ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்கப் பொறியியலாளர் பிரெடரிக் டெய்லர் 1903இல் எழுதியதில், வழக்கமாக நடப்பவை கீழேயே முடிந்துவிட, வழக்கத்துக்கு மாறானவை மட்டும் மேலாளிடம் வரவேண்டும் என்றார். பிரான்சிற் சுரங்கக் கம்பனி நடத்திய ஹென்றி பயோல் 1916இல், பொறுப்பும் அதிகாரமும் ஒன்றைவிட்டு ஒன்று இருக்கலாகாது என்றெழுதினார். செட்டியார் தெருவில் இவை இரண்டும் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தன.

நாம் எப்படித் தொடங்கினோம் என்று கேட்பீர்கள். முதலிற் கடை திறக்கும் திறப்பு. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு தம்பியிடம் அதைக் கொடுத்தோம். கொடுத்த அன்று காலை ஐந்து மணிக்கே எழுந்து, எதிர்ப்பக்கத் தேநீர்க் கடையில் ஒளிந்திருந்து பார்த்தோம் என்பதை இங்கே மறைக்கவில்லை. அவர் நேரத்துக்குத் திறந்தார், சாமிப்படத்துக்கு விளக்கேற்றினார், படியைக் கூட்டினார். நாம் எட்டு மணிக்கு வருபவர்போல வந்தோம்.

பிறகு புறக்கோட்டைக் கொள்முதல். நான்காம் குறுக்குத் தெருவில் அரிசி, சீனி, வெங்காயம் எடுப்பது சிறுபிள்ளை விளையாட்டன்று. மூட்டைக்குள் கைவிட்டுப் பார்க்கவேண்டும். ஆறு மாதம் தம்பியை எம்மோடு கூட்டிப்போனோம். பின்பு தனியே விட்டோம். இரண்டாம் முறையே ஈரம் பிடித்த பெரிய வெங்காயத்தில் நாலு மூட்டை எடுத்து வந்துவிட்டார். வாடிக்கைக்காரர் முன்னால் நாம் ஒன்றும் பேசவில்லை. அதைப் பெரிய பொறுமை என்று நினைத்துக்கொண்டோம். ஆனால் அடுத்த கிழமை ஒன்றும் சொல்லாமல் நாமே புறக்கோட்டைக்குப் போய்விட்டோம். அதற்கடுத்த கிழமையும் போனோம். தம்பி முகங்கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டிலே அம்மா, "இஞ்சருங்கோ, குடுத்ததைத் திருப்பிப் பறிச்சுப்போட்டியள்" என்றார். பேசியிருந்தால்கூட அவ்வளவு வலித்திராது என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் தம்பியைக் கூப்பிட்டு, வெங்காயத்தின் கழுத்தை எப்படி அமுக்கிப் பார்ப்பது என்று காட்டிக்கொடுத்தோம். அந்த நாலு மூட்டையில் ஒன்றரை மூட்டை கழிந்தது. அதைப் படிப்புச் செலவென்று எழுதினோம்.

கணக்கெழுத, கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு பெண்பிள்ளையை அமர்த்தினோம். சாமான் எடுப்பவர் கணக்கெழுதுவதில்லை. கணக்கெழுதுபவர் காசு எண்ணுவதில்லை. இது யாரையும் சந்தேகித்துச் செய்தது அல்ல. தவறு வந்தால் இருவரில் ஒருவர் காண்பார். வெள்ளிக்கிழமைதோறும் நாம் கணக்கைப் படிக்கிறோம். ஐயாயிரம் ரூபாய்க்குட்பட்ட கடன் அவர்கள் இஷ்டம். அதற்கு மேற்பட்டால் எம்மிடம் வரவேண்டும். ஒருமுறை ஊரைவிட்டுப் போகவிருந்த ஒருவருக்குக் கடன் கொடுத்துவிட்டார்கள். திரும்பவில்லை. ஐயாயிரத்துக்குட்பட்டதுதானே, எமது எல்லை, எமது நட்டம். இருபத்தைந்து ஆண்டில் நாமே இப்படி எத்தனை கொடுத்திருக்கிறோம்! அதற்கு எம்மை யார் ஏசினார்?

காசோலை கடைசியாகப் போயிற்று. ஒரு வருடம் மனம் வரவில்லை. இப்பொழுது இருவர் கையெழுத்து.

2022ஆம் ஆண்டை எல்லாரும் அறிவீர்கள். இரு மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயளவிலிருந்து 360 ரூபாயளவுக்கு ஏறிற்று. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. டீசலுக்காக எமது வானோடு மூன்று நாள் வரிசையிற் கிடந்தோம். சாப்பாடு, நித்திரை எல்லாம் வானுக்குள்ளேயே. பழைய நாட்களாயின் கடை பூட்டியிருக்கும். அந்த மூன்று நாளும் விலை வைத்தது தம்பி. பால்மா ஐம்பது பெட்டி வந்தபோது, ஒரு வீட்டுக்கு ஒன்று என்று தீர்மானித்துப் பெயர் எழுதிக் கொடுத்தது அந்தப் பிள்ளை. எம்மைக் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் எமது தமையனார் கடையில் நின்று எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். "உன்ரை கடையிலை எனக்கு இரண்டு பெட்டி தரமாட்டினமாம். நீ ஒருக்காச் சொல்லு" என்றார். அருகிலே பிள்ளை நிற்பது எமக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னாற் போதும். இரண்டு பெட்டி கிடைக்கும். ஆனால் அடுத்து வரிசையில் நிற்பவர் என்ன கேட்பார், அதற்கு அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? "அண்ணை, அதைப் பிள்ளையிட்டைத்தான் கேக்கவேணும்" என்றோம். அவர் வைத்துவிட்டார். ஆறு மாதம் பேச்சில்லை, இப்பொழுது பேசுகிறார்.

முதலிற் சொன்ன தம்பி கொட்டாஞ்சேனையிற் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். சென்ற பொங்கலுக்கு அவர் கடைக்குப் போனோம். எழுந்து நின்று வரவேற்றார். இருக்கச் சொல்லி மென்பானம் தருவித்தார். பேசிக்கொண்டிருக்கையில் ஒரு சிறு பையன் வந்து, "அண்ணே, பின்கதவைப் பூட்டிட்டேன்" என்று சொல்லித் திறப்பைத் தன் சட்டைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டான். தம்பி எம்மைப் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

இப்பொழுது மணி எட்டாகப் போகிறது. கடை பூட்டும் நேரம். இங்கே வருமுன் பிள்ளை, "ஐயா, இண்டைக்கு எத்தினை மணிக்கு வருவியள்?" என்று கேட்டது. வரமாட்டோம் என்றோம். ஆகவே அவசரமில்லை, தொழில் தொடங்கிய பிள்ளைகள் ஏதாவது கேட்கவிருந்தால் முன்னுக்கு வந்து இருங்கள்.